இறுகிப்போன காலிபர் பிஸ்டனை வெளியே எடுப்பது: கம்ப்ரசர் காற்றா, பிரேக் லிவரா, கிரீஸ் கன்னா?

நாகைக்காற்று:
என்னுடைய 350 சிசி வண்டி நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் ஓடாமல் நின்றதால் முன்சக்கரம் சுழலவில்லை. பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான ப்ளீடர் நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் விடுபடாததால், ஆயில் வரும் ஹோஸிலோ, லிவர் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரிலோ அழுத்தம் தேங்கி நிற்கவில்லை என்று தெளிந்து, ஹோஸைக் கழற்றாமல் பிரேக் பேட்களை டிஸ்கின்மீது அழுத்தும் காலிபரை மட்டும் இறக்கினேன். காலிபர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடர் பின்கள் நன்றாக நகர்கின்றன. ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு பிஸ்டன்களில் ஒன்று லிவரை அழுத்தினால் வெளியே வருகிறது. மற்றொன்று அசையவே இல்லை. இங்குள்ள மெக்கானிக் புதிய காலிபர் வாங்கச் சொல்கிறார். பழையதை மீட்க வழி உண்டா?

கோவைப்பட்டறை:
மீட்கலாம். ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கம்ப்ரசர் காற்றைக் கொடுங்கள். பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்துத் துணியால் சுற்றிவிட்டால் போதும். பெரும்பாலான பட்டறைகளில் இப்படித்தான் செய்கிறோம்; வண்டியின் பெயின்டில் பிரேக் ஆயில் சிந்துகிற தொல்லையும் இல்லை.

விசைக்கணக்கு:
இந்த அறிவுரையை நான் மறுக்கிறேன். 30 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர செ.மீ. ஆகும். கம்ப்ரசர் தரும் 7 பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ) அழுத்தத்தில் அதன்மீது சுமார் 50 கிலோ எடைக்கு நிகரான விசைதான் விழும். லிவரைக் கையால் அழுத்தியே 50 பார் வரை எட்ட முடியும். அப்போது அந்த விசை 350 கிலோவைத் தாண்டும். விசை குறைவாக இருந்தும் காற்றுதான் ஆபத்தானது. திரவம் சுருங்காது என்பதால் பிஸ்டன் சற்று நகர்ந்தவுடன் அழுத்தம் இறங்கிவிடும். காற்றோ சுருங்கித் தன்னுள் ஆற்றலைத் தேக்கி வைப்பதால், பிடி விட்ட கணத்தில் பிஸ்டன் பாய்ந்து வந்து விரலை நசுக்கிவிடும்.

நாகைக்காற்று அவர்களே, ஹோஸை அப்படியே விடுங்கள். நகரும் பிஸ்டனை சி கிளாம்ப் கொண்டு அசையாமல் பிடித்துவிட்டு லிவரை மெதுவாகத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். அந்தப் பிஸ்டன் வெளியே விழுந்துவிட்டால் அழுத்தம் முழுவதும் வீணாகும் என்பதால் கிளாம்ப் அவசியம். அதற்கும் அசையாவிட்டால் ப்ளீடர் நிப்பிளை இறுக மூடி, ஹோஸ் துளையில் அதன் மரைக்குப் பொருந்தும் கிரீஸ் நிப்பிளைப் பூட்டி, கிரீஸ் கன்னால் அழுத்துங்கள். கையால் இயக்கும் சாதாரண கன்னே 200 பாருக்கு மேல் கொடுக்கும். அதைத் தாங்கி நிற்கும் பிஸ்டனை நான் இதுவரை பார்த்ததில்லை.

கோவைப்பட்டறை:
லிவர் முறையை ஏற்கிறேன். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அதற்கு நேரம் பிடிக்கும் என்பது மட்டுமே என் குறை. ஆனால் கிரீஸ் கன்னை என் பட்டறையில் அனுமதிக்க மாட்டேன். பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் காலிபர் சீல்கள் பொதுவாக ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் அவை உப்பிவிடும்.

விசைக்கணக்கு:
பழைய சீல்களை எப்படியும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய சீல் கிட் போடப்போகிறோம், ஐயா. உப்பினால் என்ன இழப்பு?

கோவைப்பட்டறை:
இழப்பு பழைய சீலில் இல்லை, புதிய சீலில். இரண்டு பிஸ்டன் குழிகளையும் இணைக்கும் குறுகிய வழித்தடம் காலிபரின் உடலுக்குள்ளேயே துளையிடப்பட்டிருக்கிறது. அதற்குள் பிரஷ் நுழையாது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது என்பதால் பெட்ரோலியக் கிரீஸை அது கரைத்துக்கொண்டு வெளியேற்றாது. தங்கிவிட்ட கிரீஸ் நாளாவட்டத்தில் புதிய சீலை உப்பவைத்து, பிஸ்டனை மறுபடியும் இறுக்கிப் பிடிக்கும். பிரேக் விஷயத்தில் "பெரும்பாலும் சுத்தமாகிவிட்டது" என்கிற நிலையை நான் ஏற்பதற்கில்லை.

பழையவண்டி:
இருவரும் வெளியே எடுப்பதிலேயே நிற்கிறீர்கள். எதனால் இறுகியது என்பதையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. தூசியைத் தடுக்கும் வெளிப்புற டஸ்ட் சீலைத் தாண்டி மழைநீரும் உப்பும் உள்ளே போகின்றன. அலுமினியம் அரித்து, சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளைப் பொடியாகச் சேர்ந்து, சீலைப் பின்னாலிருந்து பிஸ்டன்மீது தள்ளுகிறது. லிவரை விட்டதும் பிஸ்டன் சற்றுப் பின்வாங்குவது, முறுக்கிய சீல் தன் வடிவத்துக்குத் திரும்புவதால்தான். பள்ளம் அடைபட்டால் சீல் முறுக்கிக்கொள்ளவே இடமிருக்காது. ஆகவே புதிய சீல் போடுவதற்கு முன் அந்தப் பள்ளங்களின் மூலைகளைக்கூட விடாமல் மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ சுரண்டி எடுப்பதுதான் முக்கியமான வேலை. இதைச் செய்யாமல் சீல் கிட் மாற்றிய காலிபர் சில மாதங்களில் திரும்பவும் இறுகும்.

பிஸ்டனைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நீண்டு நிற்கிறது, அந்த நீண்ட பகுதியில்தான் துருப்புள்ளிகள் விழுகின்றன. இப்போது அவை சீலுக்கு வெளியே இருப்பதால் கசிவு தெரியாது. புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அதே புள்ளிகள் சீலின் அடியில் போய் நிற்கும். குரோம் பூச்சு உரிந்திருந்தால் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம், பிஸ்டனையே மாற்றுங்கள்.

விசைக்கணக்கு:
பிஸ்டனின் வெளிப்புறத்தைப் பிளையரால் பிடித்து இழுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கிரீஸ் கன்னைப் பொறுத்தவரை, வழித்தடத்தை மறந்து பேசக் கூடாது என்ற ஆட்சேபம் நியாயமானது. கன்னில் சிவப்பு ரப்பர் கிரீஸை நிரப்பினால் அந்தச் சிக்கல் தீர்கிறது. பிரேக் ரப்பர்களுக்கென்றே தயாராகும் அது சீலைக் கெடுக்காது. விலை கூடுதல்தான், ஆனாலும் புதிய காலிபரின் விலைக்கு அருகில்கூட வராது.

கோவைப்பட்டறை:
புத்தம் புதிய கன்னில் அதை மட்டும் நிரப்பினால் ஒப்புக்கொள்வேன். செயினுக்கும் பேரிங்குக்கும் ஓடிய கன்னில் நிரப்பினால் பழைய கிரீஸ்தான் முதலில் உள்ளே போகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிரேக் கிளீனர் அடித்த காலிபரை உடனே தீயில் காட்டிச் சூடேற்றுபவர்கள் இருக்கிறார்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். சூடு வேண்டுமென்றால் கொதிநீர் போதும். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி சற்றுத் தளரும்.

நாகைக்காற்று:
நன்றி. முதலில் கிளாம்ப்பும் லிவரும். அசையாவிட்டால் கொதிநீரில் வைத்தெடுத்து மீண்டும் லிவர். கன் கடைசியாகத்தான், அதுவும் புதிதாக வாங்கினால் மட்டும். பிஸ்டனில் புள்ளி விழுந்திருந்தால் பிஸ்டனும் சீல் கிட்டும் சேர்த்து வாங்குகிறேன்.

பழையவண்டி:
பூட்டி, ஆயிலில் தங்கிய காற்றை வெளியேற்றிய (ஏர் எடுத்த) பிறகு லிவரை இழுத்துக் கட்டி ஓர் இரவு முழுவதும் விட்டுவையுங்கள். காலையில் டஸ்ட் சீலின் விளிம்பில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் மறுபடி பிரியுங்கள்.