ஆனேக்கல் பக்கம் எங்கள் பழைய நிலத்தில் இருந்த குடும்பச் சமாதிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். நாங்கள் பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இருக்கிறோம். ஆனேக்கல் தாலுகாவில் கொள்ளுத்தாத்தாவுக்கு ராகிக் காடு இருந்தது. அவரையும் கொள்ளுப்பாட்டியையும் அங்கேயே புதைத்தார்கள். 1970களில் நிலத்தை விற்றாயிற்று. இப்போது நீலகிரித் தோப்பு. நடமாட்டம் இருக்கும்போதே ஒரு மாளய அமாவாசைக்கு அங்கே விளக்கேற்ற வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கல் கட்டிய கிணறு, அதற்குக் கிழக்கே சமாதி என்பதுதான் அவர் நினைவில் இருக்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள். பழைய சர்வே நம்பர் தெரியும், ஆனால் இன்றைய பஹணியில் (நில உரிமை, பயிர் விவரப் பதிவேடு) அது பல ஹிஸ்ஸாவாக, அதாவது உட்பிரிவாக, பிரிந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் (சர்ஜாபுரத்திலிருந்து):
பஹணியில் 'பி கராப்' (பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட நிலம்) என்று இருக்கிறதா பாருங்கள். ஊர்ச் சுடுகாடு, பாதை, ஓடை எல்லாம் அதில்தான் வரும். சொந்த நிலத்துச் சமாதி பெரும்பாலும் அதில் ஏறியிருக்காது, அதனால் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அன்றைக்கு எழுதிய கிரயப் பத்திரத்தின் நகலை சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் கேளுங்கள். சமாதியையும் போய்வரும் வழியையும் விட்டு விற்பதாக எழுதும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு வரி இருந்தால் பெரிய பலம்.

பதில் (நில அளவை தெரிந்தவர்):
ஹிஸ்ஸா பிரிந்தது பிரச்சினையே இல்லை. தாலுகா சர்வே ஆபீஸில் மூல நம்பரின் டிப்பணி (நிலத்தை அளந்தபோது வரைந்த படம்) நகல் வாங்குங்கள். அதில் எல்லைக் கல், அளவு எல்லாம் இருக்கும். சிலவற்றில் கிணறும் குறித்திருக்கும். ஒரு குண்டே என்றால் 33 அடிக்கு 33 அடி, அந்தக் கணக்கில் படித்தால் புரியும். அப்புறம் கர்நாடக அரசின் நில வரைபட ஆப்பான திஷாங்க்கைத் திறந்து நிலத்தில் நின்றால் எந்த நம்பரில் நிற்கிறீர்கள் என்று காட்டும். போன் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம், அதை வைத்து எல்லை பேசாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களையும் பாருங்கள், கிணறு மூடுவதற்கு முந்தைய படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பதில்:
தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்திருந்தால் மண் உள்வாங்கிய பள்ளம் வடக்கு தெற்காக நீளும். உட்கார வைத்திருந்தால் சதுரமாக இருக்கும். உங்கள் வீட்டில் எது வழக்கம்? சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், லேசான பள்ளம்கூட நிழலில் தெரியும். நித்திய கல்யாணி தானாக மண்டிய இடத்தையும் விடாதீர்கள். சமாதி மேல் அதை நடுவார்கள். தோண்ட மட்டும் வேண்டாம், முதலில் இப்போதைய நிலக்காரரிடம் பேசுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. படுக்க வைத்துத்தான் புதைத்தார்கள் என்கிறார் அப்பா. நிலக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். மரம் வெட்டப்போவதாகவும், அதற்குள் வந்து பார்க்கும்படியும் சொன்னார். வேரைப் பிடுங்க ஜேசிபி வரும் என்பதுதான் பயமாக இருக்கிறது. டிப்பணிக்கு உடனே மனு கொடுக்கிறேன்.

பதில் (நில அளவை தெரிந்தவர்):
நகல் வரும்வரை காத்திருக்காதீர்கள். அப்பாவைக் கூட்டிப் போய்க் கிணற்றடியைக் காட்டச் சொல்லி, அதற்குக் கிழக்கே உள்ள மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்த வரிசையில் மட்டும் வேரைப் பிடுங்காமல் விடச் சொல்லுங்கள்.