ஹாட்பிளேட்ல சாப்பாடு சூடா இருக்கணும்னா (எங்க தெரு குரூப், ஊட்டி)

கீதா: ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. சாம்பார், சாதம் 12 மணிக்கே ரெடி, பந்தி 2 மணிக்கு. ஹால்ல ஹாட்பிளேட் போட்டா ஆறாம இருக்குமா அண்ணா?

முருகேசன்: எத்தனை வாட்? பின்னாடி ஸ்டிக்கர் பாரும்மா.

கீதா: 2000. வார்ப்பிரும்புத் தட்டு. ஹால்ல 6 ஆம்பியர் பாயிண்ட்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்?

முருகேசன்: வேண்டவே வேண்டாம். 2000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸும் பாயிண்டும் உருகிடும். கிச்சன்ல 16 ஆம்பியர் பாயிண்ட்ல நேரா சொருகு. கீசர் ஓடுறப்ப போடாதே.

ஸ்டெல்லா அக்கா: சாம்பாரை நேரா தட்டு மேல வைக்காதே கீதா. பருப்பு அடியில உக்காந்து கருகிடும். தட்டையான அடி உள்ள அகலப் பாத்திரத்துல ரெண்டு இஞ்ச் தண்ணி ஊத்தி, அதுக்குள்ள சாம்பார் பாத்திரத்தை வச்சு மூடு. நம்ம உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிக்கும், அதைத் தாண்டாது. அதனால அடிப்பிடிக்காது. தண்ணி வத்தினா வெந்நீர் ஊத்து, பச்சைத் தண்ணி சூட்டை இறக்கிடும்.

ரஹீம் பாய்: தங்கச்சி, முதல்ல கேஸ்ல தளதளன்னு கொதிக்க வச்சுட்டு அப்புறம் இதுல ஏத்துங்க. வோல்டேஜ் 180க்கு இறங்கினா 2000 வாட் தட்டு 1200 வாட் அளவுதான் குடுக்கும். ஆறிப்போனதை இதுல சூடேத்தினா மெதுவா ஏறும், கிருமி பெருகுறது அந்த நேரத்துலதான்.

கீதா: சூடு போதும்னு எப்படித் தெரியும்? ஆவி வந்தா சரியா?

ஸ்டெல்லா அக்கா: ஆவியை நம்பாதே. இந்தக் குளிர்ல வெதுவெதுன்னு இருந்தாலே ஆவி தெரியும். சமையல் தெர்மாமீட்டரை நடுவுல விட்டுப் பாரு, 60 டிகிரிக்குக் கீழ இறங்கக் கூடாது. நல்லாக் கிளறிட்டுப் பாரு, ஓரத்துல ஒரு சூடு, நடுவுல ஒரு சூடு இருக்கும்.

கீதா: சாதமும் தண்ணிப் பாத்திரத்துலயே வைக்கலாமா அக்கா?

ஸ்டெல்லா அக்கா: ஹாட்பேக்தான் நல்லது. உள்ள வெந்நீர் ஊத்தி 5 நிமிஷம் வச்சுக் கொட்டிட்டு, துடைச்சு, சாதத்தைப் போடு. வடையை மட்டும் அதுல மூடாதே, வேர்த்து நமுத்துடும். பந்தி உக்காரும்போது பொரி.

கீதா: கரெண்ட் போச்சுன்னா?

ரஹீம் பாய்: வார்ப்பிரும்பு கால் மணி நேரம் சூடு தாங்கும், மூடியைத் திறக்காதீங்க. அதுக்கு மேல போனா கேஸுக்கு மாத்திடுங்க.

முருகேசன்: அணைச்சாலும் தட்டு ரொம்ப நேரம் சுடும்மா, குழந்தைங்க பக்கத்துல வராமப் பாத்துக்கோ. ஆறினதும் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை, இந்த மூடுபனிக்கு சீக்கிரமே துரு ஏறிடும்.