முட்டைக்குள் கத்தும் வாத்துக்குஞ்சு: எப்போது கை வைக்கலாம், எப்போது வைக்கக் கூடாது?

செய்யாறிலிருந்து:

தை அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் பட்டி போட்டிருந்தார்கள். அவர்களிடம் 12 முட்டை வாங்கி, 24 முட்டை கொள்ளும் சின்ன இன்குபேட்டரில் வைத்தேன். கோழி முட்டை நாலைந்து முறை பொரித்த பழக்கம் உண்டு. வாத்தும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று கூமுட்டை. பதினெட்டாம் நாள் ஒன்றில் அசைவே இல்லை, ரத்த நாளங்களும் மங்கிவிட்டன. மீதி எட்டு. 25ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிரப்பி மூடினேன்.

27ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி முதல் கீறல். காதருகே வைத்தால் உள்ளே சன்னமாகக் கத்துகிறது. பிள்ளைகள் பன்னிரண்டு மணி வரை தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் கீறல் அப்படியே இருக்கிறது. கோழிக்குஞ்சாக இருந்தால் இந்நேரம் பெரும்பாலும் வெளியே வந்து உடம்பு காய்ந்திருக்கும். மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து, எட்டு மணிக்கு எடுத்து நகத்தால் ஓட்டை உரித்தேன். கீறல் விழுந்து 14 மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இரண்டு விரல் அகலம் உரித்ததுமே சவ்விலிருந்து ரத்தம் ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் மீதியையும் உரித்துவிட்டேன். வயிற்றுக்குக் கீழே மஞ்சள் கரு பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் செத்துவிட்டது. அந்தக் குஞ்சுக்கு ஒரு குறையும் கிடையாது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தானே வந்திருக்கும். சின்னவள் அதைத் துணியில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

அடுத்த ஐந்து முட்டையையும் நான் தொடவே இல்லை. முதலாவது கீறல் விழுந்த 31 மணி நேரத்தில் வந்தது, கடைசியாக வந்தது 44 மணி நேரம் எடுத்துக்கொண்டது. எல்லாமே நன்றாக இருக்கின்றன. ஏழாவதுதான் என்னைக் குழப்பியது. நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஈரப்பதம் 75லிருந்து 50க்கு இறங்கியிருக்கிறது. ஓட்டை வழியே தெரிந்த சவ்வு வெள்ளை வெளேரென்று காய்ந்து, பழைய தோல் மாதிரி குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது. 48 மணி நேரமாகியும் அதனால் திரும்ப முடியவில்லை, சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வில் ஒற்றினேன். சவ்வு கண்ணாடி மாதிரி ஆனது, உள்ளே சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அப்புறம்தான் அகலப் பக்கத்தில் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பயறளவு. தலை விடுபட்டதும் நிறுத்தினேன். மீதி ஓட்டை அதுவே உதைத்துக் கழற்றியது.

எட்டாவது கொத்தவே இல்லை, உள்ளேயே போய்விட்டது. அதற்கு ஏதாவது செய்திருக்கலாமா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொன்னேரியிலிருந்து:

அண்ணா, எங்கள் ஆயா நாட்டுக்கோழியின் அடியில்தான் வாத்து முட்டை வைப்பார். பனை ஓலைக் கூடையில் மணல் பரப்பி ஏழோ எட்டோ முட்டை, அதற்கு மேல் வைத்தால் கோழியின் உடம்பு மூடாது. இடி இடித்தால் கரு கலங்கும் என்று ஒரு கரித்துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும் கூடைக்குள் போவது வழக்கம். ஆயா தவறாமல் செய்த இன்னொரு வேலையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். இருபது நாளுக்கு மேல், கோழி இரை தின்ன இறங்கும் நேரம் பார்த்து, கையில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து முட்டை மேல் தெளிப்பார். வாத்து அடை கிடந்தால் குளத்தில் முங்கிவிட்டு ஈர இறகோடு வந்து உட்காரும், கோழிக்கு அந்த வழக்கம் இல்லை, அதற்குப் பதில் நாம் தெளிக்க வேண்டும் என்பார். சவ்வு காய்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஆயாவின் அந்தக் கை கண்முன் வந்தது.

கீறல் விழுந்த பிறகு ஆயா கூடைப் பக்கம் யாரையும் விட மாட்டார். ஒரு பொழுது, ஒரு ராத்திரி, இன்னொரு பொழுது. அது வரைக்கும் கூடையைத் தூக்கிப் பார்க்கிறவர் கையில் அடி விழும்.

நாமக்கல்லிலிருந்து:

நான் ஒரு பொரிப்பகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். உள்ளே நடப்பதைச் சொன்னால் செய்யாறு அண்ணனுக்கு அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஓட்டுக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வில் ரத்த நாளங்கள் வலை மாதிரி பரவியிருக்கும். பொரிக்கும் வரை குஞ்சின் நுரையீரல் அதுதான். கடைசி நாட்களில் குஞ்சு வளர்ந்து இடத்தை அடைத்துவிடும், சவ்வு வழியே வரும் காற்று போதாது, கரியமில வாயு ஏறும். அதில் கழுத்துத் தசை துடித்து, மூக்கு உள் சவ்வைக் கிழித்து, முட்டையின் அகலப் பக்கத்தில் இருக்கும் காற்றறைக்குள் நுழையும். முதல் மூச்சு அங்கேதான். டார்ச் அடித்தால் காற்றறைக்குள் மூக்கின் நிழல் அசைவது தெரியும், கத்துவதும் கேட்கும். வெளியே ஓட்டில் ஒன்றும் தெரியாது. வெளியே கீறல் விழ அதற்கப்புறம் 12 மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

கீறல் விழுந்ததும் குஞ்சு ஓய்ந்துபோன மாதிரி இருக்கும். நாம் பயப்படுவது இந்த நேரத்தில்தான். ஆனால் உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கும். வலையில் இருக்கும் ரத்தம் முழுக்க உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் போக வேண்டும், பிறந்த முதல் இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் குஞ்சுக்குச் சாப்பாடு. அது முடிந்த பிறகுதான் குஞ்சு சுற்றித் திரும்பி, ஓட்டை வட்டமாக வெட்ட ஆரம்பிக்கும். வாத்துக்கு இதற்கு 24 முதல் 48 மணி நேரம் ஆவது சாதாரணம். நடுவில் உரித்தால், குஞ்சின் சொந்த ரத்தம்தான் வெளியே ஓடும்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். ஓட்டை வழியே பார்க்கும்போது குஞ்சு எதையோ மெல்லுகிற மாதிரி, கொட்டாவி விடுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தால் மஞ்சள் கரு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

உங்கள் எட்டாவது முட்டைக்கு வருகிறேன். காற்றறைக்குள் மூக்கு வந்து ஒரு நாளைக்கு மேலாகியும் வெளிக்கீறல் இல்லை என்றால், காற்றறையின் உச்சியில், மூக்கு இல்லாத பக்கமாகப் பார்த்து, சுத்தமான ஊசி முனையைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டில் மட்டும் ஒரு துளை போடலாம். காற்று போக மட்டுந்தான் அந்தத் துளை. போட்ட பிறகு திரும்ப வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூக்கு காற்றறைக்கே வராத முட்டையில் என்ன செய்தாலும் ரத்தத்தில்தான் முடியும், நான் கை வைக்க மாட்டேன். உங்களுடையது இந்த இரண்டில் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அதை நினைத்து வருத்தப்படாதீர்கள் அண்ணா.

பொள்ளாச்சியிலிருந்து:

என்னுடையது மணிலா வாத்து. பக்கத்துத் தோட்டத்து அக்கா ஐந்து முட்டை கொடுத்தார். வாத்து என்றால் 28 நாள் என்று எங்கோ படித்து, அதையே நம்பிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். 30ஆம் நாளும் ஒரு கீறல் இல்லை. உடைத்துப் பார்த்துவிடலாம் என்று கரண்டியை எடுத்தேன். என் மாமியார்தான், "அது மணிலாடீ, கூட ஒரு வாரம் ஆகும், வை கீழே" என்றார். மணிலா வாத்துக்கு 35 நாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டார்ச் அடித்தால் காற்றறை சுத்தமாக இருந்தது, மூக்கு நிழலே இல்லை. அன்றைக்கு உடைத்திருந்தால் ஐந்தும் போயிருக்கும்.

34ஆம் நாள் நான்கு முட்டையில் அகலப் பக்கம் கீறல். ஐந்தாவதில் கூர் முனையில்! தலை கீழ்ப் பக்கம் போய்விட்டது. அங்கே காற்றறை கிடையாது, திரும்ப இடமும் கம்மி. இந்த ஒரு முட்டைக்கு மட்டும் தள்ளி நிற்க எனக்கு மனசு வரவில்லை. மூக்கு நுனி வெளியே தெரிகிற அளவுக்குக் கீறலைப் பெரிதாக்கிவிட்டு, அதோடு நிறுத்தினேன். சவ்வு காயாமல் இருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். மூக்குத் துளையில் எண்ணெய் படக்கூடாது, அதற்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி வசதி. 20 மணி நேரம் வரைக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் சிவப்பு நாளம் தெரிந்துகொண்டே இருந்தது. 36 மணி நேரத்தில் மறைந்தது. அப்புறம் தலைப்பக்கத்து ஓட்டை மட்டும் எடுத்து, ஈரத்துணி மேல் முட்டையோடு படுக்க வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு வெளியே வந்தது. இப்போது அது வளர்ந்த ஆண் வாத்து, எங்கள் வீட்டு நாயையே விரட்டுகிறது.

சீர்காழியிலிருந்து:

எல்லாரும் பிழைத்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், நான் பிழைக்காததையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உதவி செய்து எடுத்த மூன்றில் ஒன்றுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை. பெட்டாடின் தொட்டு, காய்ந்த துணியில் வைத்தும் மூன்றாம் நாள் வயிறு வீங்கிப் போய்விட்டது. இன்னொன்றுக்குக் கால் இரண்டும் அகன்றுவிட்டது. கால்களை நேராக வைத்துப் பஞ்சு ஒட்டுப் பட்டையால் தளர்வாகக் கட்டி, வழுக்காத சாக்குத் துணியில் விட்டேன். நான்கு நாளில் நடந்தது. மூன்றாவது ஒரு பிரச்சினையும் இல்லாமல் வளர்ந்தது. உதவி செய்தபின் குஞ்சை உடனே தண்ணீரில் விடாதீர்கள். செய்தித்தாள் மேலும் வேண்டாம், வழுக்கும்.

மின்வெட்டு இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி மூன்று நாளில் கரண்ட் போனால் பதற வேண்டாம். அந்த நேரத்தில் முட்டைகள் தாமே சூடு விடும். மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை அடைக்காமல், மேலே ஒரு கம்பளி போர்த்தினால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

மறுபடியும் செய்யாறிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ஆயா கணக்கு சொன்ன பொன்னேரித் தங்கைக்கும், எட்டாவது முட்டையைப் பற்றி அவ்வளவு பொறுமையாக எழுதிய நாமக்கல் தம்பிக்கும் தனியாக நன்றி.

இரண்டாவது தடவை 10 முட்டை வைத்தேன், இன்றோடு 28ஆம் நாள். இந்தத் தடவை தண்ணீர்த் தட்டில் ஒரு மெல்லிய குழாய் விட்டிருக்கிறேன், மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றலாம். ஈரப்பதம் 78லேயே நிற்கிறது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண் போட்டு, கீறல் விழுந்த நேரத்தைப் பெரியவள் நோட்டில் எழுதி வைக்கிறாள். ஆறு வந்துவிட்டன, ஒன்றைக்கூட நான் தொடவில்லை. மூன்றுக்கு நேற்று இரவு கீறல் விழுந்திருக்கிறது, நேரம் இருக்கிறது.

ஒன்பதாம் எண்தான் பாக்கி. நேற்றுக் காலை நாலரைக்குக் கீறல் விழுந்தது, இப்போது இரவு பத்து மணி. மூடியை ஒரு தடவை மட்டும் திறந்து, ஈரப் பஞ்சைச் சவ்வில் ஒற்றிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு, முடி மாதிரி. குஞ்சு வாயை மென்றுகொண்டே இருக்கிறது. மூடிவிட்டேன். அடுத்து ஒரு மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லி அலாரம் வைத்திருக்கிறோம். சின்னவள் இன்குபேட்டர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டாள்.