கைத்துப்பாக்கியா, ரைஃபிளா? குறி பார்த்துச் சுடச் சொந்தமாக முதலில் எதை வாங்குவது?

புதுக்கை

வணக்கம். வயது 43, இரண்டு மாதத்துக்கு முன்புவரை துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. இப்போது ஒரு ஷூட்டிங் கிளப்பில் சேர்ந்து அங்கே இருக்கும் துப்பாக்கிகளில் சுட்டுப் பழகிவருகிறேன். ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் இரண்டும் (அழுத்திய காற்றால் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுபவை), 10 மீட்டர் தூரத்தில். சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது, எது என்பதில்தான் குழப்பம்.

ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துச் சுட்டால் பத்துக் குண்டும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் விழுகிறது. பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டினால் டார்கெட் முழுக்க அம்மை போட்டதுபோல ஓட்டைகள். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் மனசு பிஸ்டலைத்தான் நினைக்கிறது. ரைஃபிள்தான் துல்லியம், பிஸ்டல் ஒருபோதும் அந்த அளவுக்கு வராது என்று கிளப்பில் ஒருவர் சொன்னார், அது உண்மையா? என் மைத்துனர் வேறு ஒரு யோசனை சொல்கிறார்: ஏர் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, நேரே தோட்டா போட்டுச் சுடும் ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கு, பழகினமாதிரியும் ஆச்சு, வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சு என்று. லைசன்ஸ் விஷயத்தைத் தனியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதைக் கேட்கவில்லை. இரண்டையும் சுட்டவர்கள் சொல்லுங்கள்.

குறிமுள்

நண்பரே, கிளப்பில் அவர் சொன்னது பாதிதான் உண்மை. ஒரு நல்ல மேட்ச் (போட்டிக்கென்றே செய்த) ஏர் பிஸ்டலைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி வைத்துச் சுட்டுப் பாருங்கள், 10 மீட்டரில் எல்லாக் குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். பிஸ்டலின் குழல் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் செய்யும் சின்னத் தவறைப் பிஸ்டல் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கணக்கு போட்டே பார்க்கலாம். குறி பார்க்கத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் இருக்கும் முன்சைட், பின்சைட் இரண்டுக்கும் நடுவே பிஸ்டலில் சுமார் 350 மி.மீ. என்று வையுங்கள், ரைஃபிளில் அது 700 மி.மீ. முன்சைட் இருக்கவேண்டிய இடத்திலிருந்து 1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டில் பிஸ்டல் குண்டு கிட்டத்தட்ட 28 மி.மீ. தள்ளிப் போகும், ரைஃபிள் குண்டு 14 மி.மீ. அதாவது ரைஃபிளுக்குப் பாதித் தண்டனை. அதோடு ரைஃபிள் தோளில் சாய்கிறது, கன்னத்தில் ஒட்டுகிறது, இடக்கை அடியில் தாங்குகிறது. பிஸ்டலுக்கு ஒரு மணிக்கட்டு மட்டும்தான் ஆதாரம்.

இத்தோடு நிறுத்தினால் ரைஃபிள் சுலபம் என்று தோன்றும். இப்போது டார்கெட்டைப் பாருங்கள். சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் குத்தியதுபோல. நீங்கள் சுடும் பெல்லட் குண்டே 4.5 மி.மீ. அகலம், அந்தப் புள்ளியைவிட ஒன்பது மடங்கு. மேலே சொன்ன அதே 1 மி.மீ. தவறைப் பிஸ்டலில் செய்தால் ஏழு கிடைக்கும், ரைஃபிளில் செய்தால் ஐந்துதான். ஆகவே ரைஃபிள் சுலபமும் இல்லை, பிஸ்டல் மட்டமும் இல்லை. ஒன்றில் ஆட்டத்தோடு வாழப் பழகவேண்டும், இன்னொன்றில் ஆட்டமே இல்லாத நிலையை உடம்பால் கட்டவேண்டும். இந்த இரண்டில் எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கி.

பிஸ்டலில் கை ஆடாமல் நிற்கவே நிற்காது. உலகத்தில் யாருக்கும் நிற்பதில்லை. 2009-ல் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 60 குண்டில் 600-க்கு 594 எடுத்தார், அவர் கையும் ஆடத்தான் செய்திருக்கும். ஆடட்டும், முன்சைட்டும் பின்சைட்டும் ஒரே வரிசையில் ஆடினால் குண்டு பத்திலோ ஒன்பதிலோ இருக்கும். வரிசை கலைந்தால்தான் ஏழு, ஆறு. புதியவர்கள் கை ஆடுவதைப் பார்த்துப் பயந்து, கறுப்பு வட்டம் நேராக வரும் நொடியில் ட்ரிக்கரைச் சட்டென்று இழுப்பார்கள். உங்கள் அம்மைத் தழும்புகளில் முக்கால்வாசி அந்த இழுப்பால் வந்தவை என்று நினைக்கிறேன்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தெரிய மாட்டுங்கள். கறுப்பு வட்டமே இல்லை, எங்கே சுடுவது என்று தேடவும் ஒன்றும் இல்லை. முன்சைட்டை மட்டும் பார்த்து, அதன் இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று சமமாக இருக்கிறதா என்று மட்டும் கவனித்து, மெதுவாக அழுத்துங்கள். எட்டு நொடிக்குள் குண்டு போகவில்லையா, கையை இறக்கி மூச்சு விட்டு மறுபடி தொடங்குங்கள். பத்துக் குண்டு சுட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

ஞானம்65

தம்பி, நான் இருபது வருடம் ரைஃபிள் சுட்டுவிட்டுப் பிஸ்டலுக்கு வந்தவன். காரணம் முதுகு. ரைஃபிளை நின்று சுடும் நிலையைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, இடமுழங்கையை இடுப்பு எலும்பின்மேல் ஊன்றுவோம். எடை தசையில் இல்லாமல் எலும்பில் உட்காரவேண்டும் என்பதற்காக. ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி, என்னுடையது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை அறுபது தடவை தூக்கி, அறுபது தடவை அந்த வளைவுக்குள் போய்வரவேண்டும். அதற்காகத்தான் அந்த விறைப்பான ஜாக்கெட்டும் கால்சட்டையும். உங்களுக்கு 43 என்கிறீர்கள், முதுகில் ஏதாவது தொந்தரவு இருந்தால் வாங்குவதற்கு முன்னாலேயே யோசியுங்கள். 50 மீட்டர் பாயிண்ட் 22 ரைஃபிளில் (சின்னத் தோட்டா போட்டுச் சுடுவது) படுத்துச் சுடுவது மட்டும் போதும் என்றால் கதை வேறு, கையைத் துப்பாக்கியோடு இணைக்கும் ஸ்லிங் வாரை மாட்டிப் படுத்தால் துப்பாக்கி பாறைமாதிரி நிற்கும், முதுகுக்கும் வேலை குறைவு.

பிஸ்டலுக்கு வந்ததும் முதுகு சரியாகிவிட்டது, கண் மாட்டிக்கொண்டது. ரைஃபிளில் சிறு துளை வழியே பார்ப்பதால் முன்னால் இருக்கும் வளையமும் தூரத்துக் கறுப்பு வட்டமும் ஓரளவு இரண்டுமே தெளிவாகத் தெரியும். துளை சிறிதாக இருந்தால் தெளிவு நீளமாகும், கேமராவில் இருப்பது போலத்தான். பிஸ்டலில் அந்த உதவி கிடையாது. நாற்பதுக்கு மேல் கண் கிட்டப் பார்வையை விட ஆரம்பிக்கும், கை நீளத்தில் இருக்கும் முன்சைட்தான் முதலில் மங்கும். நான் கண் மருத்துவரிடம் கையை நீட்டிக் காட்டி, இந்தத் தூரம்தான் எனக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சொன்னேன். தூரப் பார்வை அளவோடு அரை பாயிண்ட் கூட்டி ஒரு லென்ஸ் எழுதிக்கொடுத்தார். முன்சைட்டின் மூலைகள் பிளேடால் வெட்டினமாதிரி தெரிந்தன, டார்கெட் மங்கலாகப் பஞ்சு உருண்டைபோல ஆனது. அப்படித்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிஸ்டலே புரிந்தது.

சாமான்களைப் பொறுத்தவரை பிஸ்டல்காரனுக்குச் சுமை குறைவு. துப்பாக்கி, ஒரு டப்பா பெல்லட், தட்டையான காலணி, முடிந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு இடக்கையைப் பைக்குள் விட்டுச் சுட்டு வெள்ளி வாங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கையைப் பைக்குள் வைப்பதை அலட்சியம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். சும்மா தொங்கும் கை உடம்பை ஆட்டும், அதைக் கட்டிவைக்கும் வழி அது, எங்கள் ரேஞ்சில் எல்லோரும் செய்வதுதான்.

புதுக்கை

இருவருக்கும் மிக்க நன்றி. முதுகு பரவாயில்லை, கண்ணுக்குப் போன வருடம்தான் கண்ணாடி போட்டேன், அதைச் சோதிக்கிறேன். 9 எம்எம் பற்றி யாரும் சொல்லவில்லையே? மைத்துனர் விடமாட்டேன் என்கிறார்.

செல்வி_கோச்

அதை நான் சொல்கிறேன், சகோ. பல வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், 9 எம்எம்-இல் தொடங்கியவர்களைத் திருத்துவதுதான் எனக்கு மிகக் கடினமான வேலை.

அந்தச் சத்தமும் உதைப்பும் முதல் பத்துத் தோட்டாவிலேயே உடம்புக்குப் பாடம் சொல்லிவிடும். அடுத்த தடவை குண்டு வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே மணிக்கட்டு கீழே தள்ளும், கண் மூடும். சுடுபவருக்கு அது தெரியாது. தெரியவைக்க நான் மேகசினில் உயிருள்ள தோட்டாக்களுக்கு நடுவே டம்மி ஒன்றைக் கலந்துவைப்பேன். டம்மி வரும்போது ட்ரிக்கர் டிக் என்று விழும், சத்தமில்லை, உதைப்பில்லை, ஆனால் குழல் முனை விரற்கடை அளவுக்குக் கீழே குனியும். அதைத் தன் கண்ணாலேயே பார்த்தபிறகு பேச்சு வராமல் நின்றவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் ஏற ஒரு மாலை போதும், இறங்க மாதக்கணக்காகும். ஏர் பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்கவேண்டும், போட்டிக்கு முன் அந்த எடைக்கட்டியைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அந்த 500 கிராமை விரலால் சீராக ஏற்றப் படித்துவிட்டால் அப்புறம் பாயிண்ட் 22, அதற்கப்புறம் வேண்டுமானால் 9 எம்எம். சின்னப் பிள்ளைகளுக்கானது என்று சொல்பவர் ஒரு தடவை 75 நிமிடத்தில் 60 குண்டு போட்டுப் பார்க்கட்டும்.

பாதுகாப்பில் பிஸ்டல் ரைஃபிளைவிடக் கண்டிப்பு கேட்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். ரைஃபிளை வைத்துக்கொண்டு திரும்பினால் நீண்ட குழல் எங்கே போகிறது என்று ரேஞ்சில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பிஸ்டலை வைத்துக்கொண்டு, "மேடம், இது சிக்கிடுச்சு" என்று என்னிடம் திரும்புவார்கள், அதற்குள் முனை பக்கத்து லேனில் நிற்பவரின் வயிற்றுக்கு நேரே வந்திருக்கும். மணிக்கட்டு அசைவுதான், வேறொன்றும் இல்லை. துப்பாக்கி சிக்கினாலும் சரி, யாராவது கூப்பிட்டாலும் சரி, முனை டார்கெட் பக்கம் இருக்கட்டும், நீங்கள் தலையை மட்டும் திருப்புங்கள். சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. அந்தச் சின்னப் பாயிண்ட் 22 தோட்டாகூட ஒரு மைலுக்கு மேல் பறக்கும், அதனால் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ஒரு குண்டுகூட வேண்டாம். முடிந்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிடவேண்டாம், பெல்லட் எல்லாம் ஈயம்.

வீட்டுப் பாதுகாப்பு என்பதை இதோடு கலக்காதீர்கள். குறி பார்த்துச் சுடும் துப்பாக்கி வீட்டில் இருக்கவேண்டிய விதம் காலியாக, பூட்டி, தோட்டா வேறு பெட்டியில் வேறு சாவியில். அவசரத்துக்குக் கையில் எடுக்கும் துப்பாக்கி என்று நினைத்தால் இந்தப் பூட்டு ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டே வரும். பிஸ்டல் சிறியது, குழந்தை கையிலும் அடங்கும், தலையணைக்கு அடியிலும் அடங்கும். இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன்: வீட்டில் யாராவது மனம் உடைந்துபோய் இருக்கும் காலம் என்றால், அது நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கி வீட்டில் வேண்டாம், கிளப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

குறிமுள்

செல்வி அக்கா சொன்னதற்கு மேல் வாங்குவது பற்றி மட்டும் கொஞ்சம். பழைய மேட்ச் துப்பாக்கி கிடைத்தால் தயங்காதீர்கள், குழல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆனால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் அடைத்துவைக்கும் பொருள் அது, தயாரித்துப் பத்து வருடம் தாண்டினால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள், நீங்களும் அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. நான் முதலில் வாங்கினது அப்படித்தான், பளபளவென்று இருந்தது, விற்றவர் தேதியைப் பற்றி வாயே திறக்கவில்லை, புது உருளைக்குத் தனியாகச் செலவழித்தேன்.

பிஸ்டலில் பிடி முக்கியம். மரப்பிடி உங்கள் கையளவுக்கு வேண்டும், வலக்கை இடக்கை பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள், திறந்து பாருங்கள், சைட் தானாகவே வரிசையில் நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் பிடியைச் செதுக்கவேண்டும் அல்லது வேறு பிடி மாற்றவேண்டும். ரைஃபிளில் கன்னப்பலகை, பின்கட்டை எல்லாம் திருகித் திருகிச் சரிசெய்யலாம், அந்த வகையில் அது பெருந்தன்மையான சாமான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பொதுவாகக் கைத்துப்பாக்கிக்குத்தான் கெடுபிடி அதிகம். பிரிட்டனில் 1997-ல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு தனியார் கைத்துப்பாக்கி ஏறக்குறைய முழுக்கத் தடை, ரைஃபிளுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிச் சுடலாம். உங்கள் இடத்தில் என்ன நிலை என்று முழுசாகத் தெரிந்துகொண்டபிறகு பணம் கட்டுங்கள்.

புதுக்கை

சனிக்கிழமை போய்வந்தேன். அட்டையைத் திருப்பி மாட்டி வெள்ளைப் பக்கத்தில் பத்துக் குண்டு. ஒன்பது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, ஒன்று மட்டும் கீழே இடப்பக்கம், அதை இழுத்தபோதே எனக்குத் தெரிந்தது. பிறகு அட்டையைத் திருப்பிக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துச் சுட்டேன், மறுபடி சிதறல். கறுப்பைப் பார்த்ததும் கண் அங்கே ஓடிவிடுகிறது, விரலும் கூடவே ஓடுகிறது.

பிஸ்டல்தான் என்று முடிவு செய்துவிட்டேன், ஏர் பிஸ்டல். மைத்துனரிடமும் சொல்லிவிட்டேன், அவரை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன். இன்னும் மூன்று மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடுவேன். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. வீட்டில் குண்டில்லாமல் ட்ரிக்கர் பழகலாமா, அதற்கு எந்தத் துப்பாக்கி வேண்டும்?

ஞானம்65

நல்ல முடிவு, தம்பி. மேட்ச் ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் காற்று விடாமல் ட்ரிக்கர் மட்டும் பழகும் வசதி இருக்கும், கிளப்பில் கேட்டு அங்கேயே தினம் ஒரு இருபது தடவை செய்யுங்கள், வெறும் சுவரைப் பார்த்து. டிக் என்று விழுந்தபிறகும் இரண்டு நொடி முன்சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், அது எந்தப் பக்கம் துள்ளியது என்று வாயால் சொல்லுங்கள். பாயிண்ட் 22-இல் மட்டும் காலியாக அடிக்காதீர்கள், சில துப்பாக்கிகளில் ஊசி குழலின் விளிம்பில் மோதிக் கெட்டுவிடும், டம்மி போட்டுத்தான் செய்யவேண்டும். மைத்துனருக்கும் முதலில் வெள்ளை அட்டையையே மாட்டுங்கள்.