தலைக்குறி, முளை, விளி: ஒரு மார்க்கருக்கு மூன்று சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய விளையாட்டுகளில் குழுவாகத் தாக்கும்போது வரைபடத்தில் இடும் ‘மார்க்கர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று தொடங்கிய இழை, பத்துச் சொற்களைப் பார்த்தும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவரவர் வேறு வேறு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல் தேடுகிறோம் என்பது என் ஐயம். பகைவர் தலைமேல் இடுவது, தரையில் நடுவது, வரைபடத்தில் மின்னி மறைவது என்ற மூன்று பொருள்களை ஆங்கிலம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறது. நாம் சாக்குக்குப் பெயர் வைக்கப் பார்க்கிறோம்.

எனக்கு இது உறைத்தது ஒரு தோல்வியில். எங்கள் குழாத்தில் இருபது பேர். குரல்வழிப் பேச்சு முழுவதும் தமிழில்தான். ஓர் அரக்கனோடு மோதிக்கொண்டிருந்தோம். நெருப்பு பரவும் நேரம் வந்ததும் தலைவர், “நீலக் குறிக்குப் போங்கள்!” என்றார். தரையில் ஒரு நீலச் சதுரம் இருந்தது. ஓரமாக மந்திரத்தில் கட்டுண்டு நின்ற அடியாள் ஒருவனின் தலைக்கு மேலும் ஒரு நீலச் சதுரம் இருந்தது. பதினொரு பேர் தரைக்கு ஓடினோம். மற்றவர்கள் அடியாளிடம் ஓடி அவனை அடித்தார்கள். அடி விழுந்ததும் கட்டு அறுந்தது. கூண்டோடு கைலாசம். (குழு மொத்தமும் சாவதை ஆங்கிலத்தில் ‘வைப்’ என்பார்கள்; அதற்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம், இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது.)

தலைவர் சொன்னதில் பிழை இல்லை. ஓடியவர்கள் மேலும் பிழை இல்லை. ‘குறி’ என்ற ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தது, அவ்வளவுதான்.

2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பகைவர் தலைமேல் இடும் குறிகள் எட்டு: மஞ்சள் விண்மீன், ஆரஞ்சு வட்டம், ஊதா வைரம், பச்சை முக்கோணம், வெள்ளிப் பிறை, நீலச் சதுரம், சிவப்புப் பெருக்கல், வெள்ளை மண்டையோடு. தரையில் நடும் ஒளித்தூண்களுக்கும் இதே எட்டு வடிவம், இதே எட்டு நிறம். தலையில் இருப்பது ஆளோடு நகரும். ஆள் செத்தால் போய்விடும். தரையில் இருப்பது எடுக்கும்வரை அங்கேயே இருக்கும். குணத்தில் இவ்வளவு வேறுபட்ட இரண்டை வடிவத்தை வைத்து ஒரே பெயரில் அழைத்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் எல்லாருக்கும் நேரும். ஆகவே, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, எதோடு ஒட்டிக்கொள்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம் என்கிறேன்.

இனி உங்கள் மடல்களிலிருந்து.

> தலைமேல் இருப்பதை ‘இலக்குக்குறி’ என்றால் முடிந்தது. யாரைத் தாக்க வேண்டும் என்றுதானே காட்டுகிறது?

எல்லா நேரமும் அப்படியில்லை, நண்பரே. மண்டையோடு இருந்தால் முதலில் அவனைக் கொல், பெருக்கல் இருந்தால் அடுத்து அவன் என்பது பழகிப்போன வழக்கம். ஆனால் பிறை இருந்தால்? மந்திரவாதி அவனை ஆடாக மாற்றி வைத்திருப்பார்; தொடாதே என்று பொருள். ஃபைனல் ஃபான்டசி 14இல் ‘இவனைக் கண்டுகொள்ளாதே’ என்பதற்கென்றே தனிக் குறிகள் உண்டு. அவற்றையும் இலக்குக்குறி என்று அழைத்தால், புதிதாக வந்தவர் சொல்லை நம்பி அடிப்பார். கலைச்சொல் பொருளை விளக்காவிட்டாலும் பரவாயில்லை, தவறான பக்கம் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ‘தலைக்குறி’ என்பது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அடிப்பதா விடுவதா என்பதை வடிவம் சொல்லட்டும்.

> ‘குறி’ என்ற சொல்லே வேண்டாம். தனியே சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்.

தனியே நின்றால் சிரிப்பு வரும்தான். குறி சொல்வது, குறி வைப்பது, அப்புறம் நீங்கள் நாசூக்காகக் குறிப்பிடுவது என்று அதற்கு வேலை அதிகம். ஆனால் தொகையில் சேர்ந்துவிட்டால் அது பரம சாது. வினாக்குறி, அறிகுறி, குறிக்கோள் என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. தலைக்குறிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. களத்தில் கூவும்போது எப்படியும் யாரும் ‘தலைக்குறி’ என்று முழுதாகச் சொல்லப் போவதில்லை. “மண்டையை அடி”, “பிறையை விடு” என்பார்கள். மண்டையோட்டை மண்டை என்று சுருக்கியதைப் பற்றி யாரும் மடல் எழுத வேண்டாம். மூச்சு வாங்க நேரமில்லாத இடத்தில் ஈரசைக்குமேல் ஓடாது.

> ‘சுட்டி’ ஏற்கெனவே இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

இருப்பதுதான் சிக்கல். கணினியில் கைக்கு அடியில் ஓடுவதும் சுட்டி, இணைய முகவரியும் சுட்டி. மூன்றாவதாக இதையும் சேர்த்தால் ‘சுட்டியால் சுட்டியைச் சுட்டு’ என்று உதவிக் குறிப்பு எழுத வேண்டிவரும்.

அடுத்தது தரையில் நடுவது. ‘நிலக்குறி’, ‘இடக்குறி’ இரண்டும் வந்திருக்கின்றன. எழுத்தில் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மறுபடியும் குறி என்றே முடிகின்றன. சத்தமான களத்தில் காதில் விழுவது சொல்லின் வால்தான். எங்களைக் கொன்றதும் அந்த வால்தான். குறியிலிருந்து ஒலியிலேயே விலகி நிற்கும் சொல் வேண்டும்.

நான் முன்மொழிவது: முளை. மாடு கட்ட அடிக்கிறோமே, நில அளவையில் அடிக்கிறார்களே, அந்த முளை. தரையில் நிற்பது, நகராதது, ஒருவர் வேண்டுமென்றே அடித்தது. இந்த மூன்றும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. வினையும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது: முளை அடி, முளையை மாற்று, முளையைப் பிடுங்கு. ‘மார்க்கரை அழி’ என்பதில் வராத ஒரு தெளிவு ‘முளையைப் பிடுங்கு’ என்பதில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளம்வரை மேயும். நல்ல ஆட்டக்காரர் அப்படித்தான் நிற்கிறார்: முளைமேலேயே ஏறி நிற்பதில்லை, தன் வில்லோ மந்திரமோ எட்டும் தூரத்துக்குள் அதைச் சுற்றி வருகிறார். எட்டும் தூரத்தைக் ‘கயிறு’ என்று அழைக்கலாமே என்றுகூடத் தோன்றியது. அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

முளை என்றால் விதை முளைப்பதும் அல்லவா என்பீர்கள். விதை முளை விடும். நாம் முளை அடிப்போம். வினை வேறு, குழப்பம் வராது. எனக்கு உள்ள ஒரே அச்சம், மட்டமான ஒலிவாங்கியில் ‘முளை’ நீண்டு ‘மூளை’ ஆகிவிடுவது. “எல்லாரும் மூளைக்கு வாருங்கள்” என்று கேட்டாலும் கெடுதல் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முளைகளின் அருமை ஃபைனல் ஃபான்டசி 14இல் நன்றாகத் தெரியும். எட்டுப் பேர் ஆடும் சண்டை, முளைகளும் எட்டு. ஏ, பி, சி, டி என்ற நான்கை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று வரிசையாக அடிப்பதும், 1 முதல் 4 வரையுள்ளவற்றை இடையிலுள்ள நான்கு மூலைகளில் அடிப்பதும் பரவலான பழக்கம். முன்பின் அறியாத எட்டுப் பேர் சேர்கிறார்கள். ஒருவர் பேசும் மொழி இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் சண்டை தொடங்கும் முன்பே ஆளுக்கு ஒரு முளை என்று பங்கு பிரிந்துவிடுகிறது. பிறகு “சிதறு” என்பதற்கான நேரம் வந்ததும் எட்டுப் பேரும் எட்டுத் திக்கில் போய் நிற்கிறார்கள். ஒரு முறை அடித்த அமைப்பைச் சேமித்து வைத்து, அடுத்த முறை ஒரே சொடுக்கில் அப்படியே அடிக்கவும் முடியும். அப்படிச் சேமித்த அமைப்பின் ஆங்கிலப் பெயரான ‘வேமார்க் ப்ரீசெட்’ என்பதைத் தமிழாக்கக் கேட்டிருந்த நண்பருக்கு: ‘முளைவரிசை’ போதும் என்று நினைக்கிறேன்.

> புறத்திணைப் பூக்களை வைத்துப் பெயரிட்டால் என்ன? வெட்சி, கரந்தை, உழிஞை...

இந்த மடலைப் படித்ததும் மகிழ்ச்சியில் ஒரு நாள் வேலை கெட்டது. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மதிலை வளைத்தால் உழிஞை, மதிலைக் காத்தால் நொச்சி. தலையில் சூடிய பூவைப் பார்த்ததும் படை என்ன செய்ய வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தலைக்குறிக்கு இதைவிடப் பழைய முன்னோடி வேண்டுமா! ஆனால் அந்தப் பூவைத் தம் தலையில்தான் சூடினார்கள். நாம் பகைவன் தலையில் சூட்டுகிறோம். ஆகவே குறிகளுக்கு இவை பொருந்தாது. ஆட்ட வகைகளுக்குப் பொருந்தும். கோட்டை முற்றுகை ஆட்டத்தில் தாக்கும் அணி உழிஞை, காக்கும் அணி நொச்சி. கொடியைக் கவர்ந்து வரும் ஆட்டத்தில் கவர்வோர் வெட்சி, மீட்போர் கரந்தை. தமிழில் விளையாட்டு உருவாக்குகிறவர் யாராவது இந்த இழையைப் படித்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, வரைபடத்தில் ஒரு நொடி மின்னி மறையும் ‘பிங்’. அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது பலர் கருத்து. எனக்கு இரண்டு தடை. தமிழ் எழுத்தில் அது Bing என்ற தேடுபொறியின் பெயராகவும் படிக்கும். அதைவிடப் பெரிய தடை, ஆட்டக்காரர்களிடம் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இன்னொரு பொருள் இருப்பது. 1983இல் மைக் மூஸ் என்பவர் இரண்டு கணினிகளுக்கு இடையே இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு நிரல் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்து அதற்குப் பிங் என்று பெயரிட்டார். அதனால் வழங்கியிடம் (சர்வர்) தகவல் போய்த் திரும்பும் நேரத்தையும் பிங் என்கிறோம். “என் பிங் மோசம்” என்று ஒருவர் சொன்னால் இணையம் மந்தமா, வரைபடத்தில் தவறான இடத்தைத் தட்டிவிட்டாரா? நேரத்தாமதத்துக்குச் ‘சுணக்கம்’ இருக்கிறது; அதைக் கொடுத்துவிடுவோம். வரைபடத்தில் மின்னுவதற்கு ‘விளி’ என்கிறேன்.

எட்டாம் வேற்றுமை விளி. எதிரில் இருப்பவரை அழைக்கும் வேற்றுமை. பிங் செய்வதும் அதுதான்: “இங்கே பார்”, “இங்கே வா”, “அங்கே ஆள்”. 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இதை ஒரு கலையாகவே ஆக்கியது. மூன்று பேர் கொண்ட அணி, ஒரே பொத்தான். பகைவன்மேல் வைத்து அழுத்தினால் பகைவன் என்று சொல்லும், கிடக்கும் துப்பாக்கிமேல் அழுத்தினால் துப்பாக்கி என்று சொல்லும், வெறுந்தரையில் அழுத்தினால் இங்கே போகிறேன் என்று சொல்லும். வாயே திறக்காமல் முழு ஆட்டத்தையும் ஆடி முடிக்கலாம். ‘பகை விளி’, ‘பொருள் விளி’, ‘வழி விளி’ என்று இவற்றை எளிதில் பிரித்துக்கொள்ளலாம். பழந்தமிழில் விளிதல் என்றால் சாதல் என்பதையும் மறைக்கவில்லை. விளித்தவர் விளிந்தார் என்பது இந்த ஆட்டங்களில் அன்றாட நிகழ்வு என்பதால் நான் கவலைப்படவில்லை.

ஒரு படைக்கு இருநூறு பேருக்குமேல் சேரும் ஈவ் ஆன்லைன் போன்றவற்றில் தலைவர் ஒருவரே பேசுவார், மற்றவர்கள் திரையில் அறிவிப்பு மட்டும் அனுப்புவார்கள். அதற்கும் விளியே போதும்.

குழாம் என்று நான் எழுதியதை ஒருவர் கேட்டிருந்தார். சேர்ந்து ஆடுகிறவர்களின் நிலையான குழுவை ஆங்கிலத்தில் ‘கில்ட்’ என்பார்கள்; அதற்கு வரலாற்று நூல்களில் வணிகக் குழு என்று இருக்கிறது. நம்மவர் வணிகம் செய்யவில்லை. குலம் என்றால் பிறப்பு வந்துவிடுகிறது, சங்கம் என்றால் சந்தா வந்துவிடுகிறது. குழாம் எந்தச் சுமையும் இல்லாமல் வருகிறது.

நேரடியாக மோதாத, நிதான ஆட்டங்களில் இன்னொரு வகைக் குறியும் உண்டு. க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் குழுப்போர் நடக்கும்போது ஒருவருக்கு இரண்டு தாக்குதல்தான். ஒரே ஊரின்மேல் இருவர் பாய்ந்தால் ஒன்று வீண். அதனால் “ஐந்தாம் எண் எனக்கு” என்று முன்பே சொல்லி வைப்பார்கள். இது தாக்கச் சொல்லும் குறியும் அன்று, இடம் காட்டும் குறியும் அன்று, முன்பதிவு. இதற்குத் ‘துண்டு’ என்று சொன்னால் எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாது. “ஐந்தில் துண்டு போட்டுவிட்டேன்.” உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளிக்கிறவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டோட்டா 2இல் சிறு வரைபடத்தின்மேல் விரும்பியபடி கோடு இழுக்கலாம். தோழர்கள் கண்ணில் பட்டுச் சற்று நேரத்தில் கரைந்துவிடும். “இப்படிச் சுற்றி, இங்கே மறைந்து, இந்தப் பக்கம் வா” என்பதை ஒரே இழுப்பில் காட்டும் கோடு. அது முளைபோல நிற்பதில்லை, விளிபோல ஒரு புள்ளியில் முடிவதும் இல்லை. ‘கீற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒளிக்கீற்றை நினைத்தால் சரியாகத்தான் படுகிறது; தென்னங்கீற்றை நினைத்தால் இல்லை. இதைவிடச் சின்னதாக, கரையும் குணத்தைச் சொல்வதாக யாரிடமாவது ஒன்று இருந்தால் கீற்றை இப்போதே விட்டுவிடுகிறேன்.