விதி இணக்கப் பயிற்சி: 64 ஸ்லைடுகளை என்ன செய்வது?

பயிற்சி வடிவமைப்பாளர்:
எங்கள் விதி இணக்கப் பயிற்சியில் 64 ஸ்லைடுகள், பெரும்பாலும் சட்டப் பிரிவுகள். எல்லோரும் 'அடுத்து' பொத்தானை அழுத்தியே கடக்கிறார்கள். பாதியை எடுத்துவிட்டுச் சூழல் கேள்விகளாக மாற்றப் போகிறேன். உதாரணமாக: டெண்டர் முடிவாக இரண்டு நாள் இருக்கும்போது, விண்ணப்பித்த நிறுவனம் உங்கள் வீட்டுக்கு அன்பளிப்பு அனுப்புகிறது. நீங்கள் வெளியூரில், வீட்டார் வாங்கி வைத்துவிட்டார்கள். என்ன செய்வீர்கள்?

தணிக்கைப் பிரிவு:
கடுமையாக எதிர்க்கிறேன். விசாரணை வந்தால் 'இந்த விதி ஊழியருக்குச் சொல்லப்பட்டதா' என்று கேட்பார்கள். ஸ்லைடில் முழு வாசகம் இருந்தால் எடுத்துக் காட்டலாம். கதைக்குள் கரைந்த விதியை எப்படிக் காட்டுவது? திரையில் அட்டையைக் கிளிக் செய்து திருப்புவது, விடையை இழுத்துப் பொருத்துவது போன்றவை எல்லாம் கைக்கு வேலை, மூளைக்கு அல்ல.

பயிற்சி வடிவமைப்பாளர்:
அட்டை திருப்புவதை நானும் ஏற்கவில்லை. மறைத்த வரியைக் கிளிக் செய்து படிப்பது பங்கேற்பு ஆகாது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். நாமோ கடைசி ஸ்லைடு முடிந்த கையோடு தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணை நம்புகிறோம்.

தணிக்கைப் பிரிவு:
சரி, பதிவுக்கு என்ன வழி? நம் தளம் பயன்படுத்துவது ஸ்கார்ம் 1.2, அதாவது பயிற்சியின் முடிவைத் தளத்தில் பதியும் தொழில்நுட்பத் தரம். நிலையைக் குறிக்க ஒரே புலம்தான்; 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டையும் தனித்தனியே அதில் வைக்க முடியாது. இன்று என் கையில் இருக்கும் ஒரே சான்று 'முடித்தார்' என்பதுதான்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்:
அந்தச் சான்றைப் பற்றி நான் சொல்கிறேன். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளையும் விசைப்பலகையையும் வைத்துத்தான் நான் பயில்கிறேன். சென்ற ஆண்டுப் பயிற்சியில் இழுத்துப் பொருத்தும் கேள்வி ஒன்று இருந்தது. விசைப்பலகையால் அதை நகர்த்த வழியே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் எனக்காகப் பொருத்தினார். என் பெயரில் 'முடித்தார்' என்று பதிவாகியிருக்கிறது. அந்த விதி என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தணிக்கைப் பிரிவு:
இது எனக்குத் தெரியாமல் போனது தவறு. இழுத்துப் பொருத்தும் கேள்விகள் அனைத்தையும் நீக்குங்கள். இதில் விவாதமே வேண்டாம். ஆனால் சூழல் கேள்விக்கு முன் விதியைக் காட்டியே ஆக வேண்டும்.

பயிற்சி வடிவமைப்பாளர்:
முன்னால் காட்டினால் பார்த்து எழுதுவதாகிவிடும். பதில் சொன்ன பிறகு, பிரிவு எண்ணோடு முழு வாசகத்தையும் காட்டுகிறேன். அன்பளிப்புக் கேள்விக்கு நீங்களே விதியைப் பார்க்காமல் பதில் எழுதுங்களேன்.

தணிக்கைப் பிரிவு:
திருப்பி அனுப்ப வேண்டும், பதிவேட்டில் குறிக்க வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதற்குக் கோப்பைத் திறந்துதான் பார்த்தேன்.