அரிசோனாவில் வீடு வாங்குகிறோம்: ஏ.சி. மாற்ற எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

கேள்வி: நண்பர்களுக்கு வணக்கம். சாண்ட்லரில் வேலைக்கு வந்து சேர்ந்தோம். இப்போது கில்பர்ட்டில் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். 1,900 சதுர அடி, ஒரே தளம், 2007இல் கட்டியது. குளிரூட்டவும் சூடேற்றவும் 4 டன் ஹீட் பம்ப். வீடு கட்டியபோது வைத்த அதே இயந்திரம்தான் என்று வீட்டை ஆய்வு செய்த இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார், ஆனால் நன்றாக ஓடுகிறது. மாற்ற 8,500 டாலர் ஆகும் என்கிறார் ஒருவர், 19,000 என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு தொகையுமே நியாயமானவையாக இருக்கலாம். எதையெதைச் சேர்த்துச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன், “ஓடுகிறது” என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். மிதமான ஊர்களில் 15, 20 ஆண்டு உழைக்கும் இயந்திரம் இங்கே 10 முதல் 15 ஆண்டுக்குள் ஓய்ந்துவிடும். 2023இல் பக்கத்துப் பீனிக்ஸில் ஜூன் 30 தொடங்கி 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையாத வெயில். உங்கள் இயந்திரம் அந்தக் கோடையையும் தாங்கியிருக்கிறது. அடுத்த கோடையில் நின்றுவிடும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

உங்கள் வீட்டின் அளவுக்கு, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சேர்த்து முழுவதுமாக மாற்ற, சாதாரண ரகத்தில் 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆகலாம். இன்வர்ட்டர் ரகம் 20,000ஐத் தொடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 15,000 ஒதுக்குவேன். 8,500 சொன்னவரிடம் அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில் உள்ள இடைவெளியில், இருக்கும் ஏர் ஹேண்ட்லரும் (குளிர்ந்த காற்றை வீட்டுக்குள் தள்ளும் உள் யூனிட்) அதில் அடங்குமா என்று கேளுங்கள். வெளி யூனிட்டை மட்டும் மாற்றும் யோசனை இனி சரிவராது. 2025 ஜனவரியிலிருந்து தயாராகும் வீட்டு ஏ.சி.க்களில் ஆர்-410ஏ என்ற குளிர்விக்கும் வாயு கிடையாது, ஆர்-454பி அல்லது ஆர்-32தான். உள் யூனிட்டில் இருக்கும் பழைய காயிலோடு அவை பொருந்தாது. உங்களுடையது 2007 மாடல் என்பதால் அதில் இன்னும் பழைய ஆர்-22 வாயு இருக்கவும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் 2020இல் நின்றுபோயின. கசிவு வந்தால் நிரப்புவதற்கே பெருந்தொகை கேட்பார்கள். வெளி யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் வாயுவின் பெயர் இருக்கும், இன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டன் கணக்கு. “இருப்பது 4 டன், 4 டன்னே போடலாம்” என்று ஐந்து நிமிடத்தில் விலை சொல்பவரை நான் ஏற்க மாட்டேன். ஊரில் ஓர் அறைக்கு 1.5 டன் வாங்கிப் பழகிய நமக்கு, முழு வீட்டுக்கு 4 டன் என்றால் போதாது என்று தோன்றும், 5 டன் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும், ஜூலை, ஆகஸ்ட் மழைக்கால ஈரப்பதத்தையும் சரியாக எடுக்காது. மேற்குப் பார்த்த ஜன்னல்கள், கூரையின் வெப்பக் காப்பு, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அளந்து போடும் கணக்குக்கு மேனுவல் ஜே என்று பெயர். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எஸ்இஇஆர்2 எண், மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதற்குப் பருவம் முழுவதற்குமான சராசரி. பாலைவனத்தில் இஇஆர்2 எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். அது வெளியே 95 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்போது அளப்பது. இங்கே அதற்கும் மேலே போகிறது, திறன் இன்னும் குறைகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

பலரும் தவறவிடுவது டக்ட், அதாவது குளிர்ந்த காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய். சாதாரண வீட்டில் டக்ட் வழியே போகும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வீணாகிறது என்று அமெரிக்க அரசின் மின்சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்கிறது. இங்கே டக்ட் ஓடுவதோ கொதிக்கும் அட்டிக்கில். காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றைக் கூரைக்கடியில் கொட்டிவிட்டு, பில் ஏறியதற்கு இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். 19,000 சொன்னவர் டக்ட் வேலையையும் சேர்த்திருந்தால், அந்தக் கோட்டேஷனைத்தான் முதலில் கவனமாகப் படிப்பேன். டெம்பி, மெசா பக்கப் பழைய வீடுகளில் இயந்திரம் கூரைமேல் இருக்கும், அங்கே கிரேன் கூலியும் சேரும்.

அமெரிக்க மத்திய அரசின் 2,000 டாலர் வரையிலான ஹீட் பம்ப் வரிச்சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. அதைக் கழித்து விலை சொன்னால் ஏற்காதீர்கள். வட்டியில்லாக் கடன் என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் விலை என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் குறையும். வேலை செய்ய வருபவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று மாநிலத்தின் ஒப்பந்ததாரர் பதிவாளர் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மிக்க நன்றி அண்ணா. விற்பவரிடம் இதைச் சொல்லி விலையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நாள் குறைவு. அரிசோனாவின் வழக்கமான வீட்டு ஒப்பந்தத்தில் வாங்குபவர் வீட்டைச் சோதித்துக் குறைகளைச் சொல்லும் ஆய்வுக்காலம் 10 நாள்தான். அதற்குள் இரண்டு கோட்டேஷன் வாங்கி இணைத்துப் பணமாகக் கேளுங்கள். “ஹோம் வாரண்டி தருகிறேன்” என்றால், அதாவது வீட்டுச் சாதனங்களின் பழுதுக்கான ஒப்பந்தத் திட்டம் ஒன்றை விலைக்குறைப்புக்குப் பதிலாகத் தருகிறேன் என்றால், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் திட்டங்கள் பலவற்றில் டக்ட் மாற்றம், கிரேன், வாயு அகற்றும் செலவெல்லாம் விலக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: நாங்கள் பீனிக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். ஏ.சி. ஓடினாலும் மாலையில் வீட்டுக்குள் 88 டிகிரி பாரன்ஹீட். வீட்டுக்காரர் “கோடையில் அப்படித்தான்” என்கிறார்.

பதில்: அப்படி இல்லை. பீனிக்ஸ் நகர விதிப்படி ஏ.சி. உள்ள வாடகை வீட்டை 82 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் குளிரூட்ட முடிய வேண்டும். நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் கூலர் என்றால் 86. வெப்பமானியைத் தேதியோடு படமெடுத்து, மின்னஞ்சலோடு நிறுத்தாமல் கடிதமாகவும் கொடுங்கள். வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றிரவே வேறிடத்தில் தங்குங்கள்.